கார் ஷாம்பு இல்லாவிட்டால் வாகனத்தை எதனால் கழுவலாம்? வீட்டுப் பொருட்களில் பாதுகாப்பானவையும் ஆபத்தானவையும்

லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண் வேலைக்குப் போகும் ஸ்கூட்டர், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், வயலுக்கும் வாடகைக்கும் ஓடும் லாண்ட் மாஸ்ரர். வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளின் வருமானம் இந்த வாகனங்களில்தான் தங்கியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் இருக்கும் வாகனத்தை இன்னும் பல வருடங்கள் ஓட்டவேண்டிய நிலையில்தான் பலரும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு அதை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அதன் உடலையும் பெயின்றையும்தான்.

ஆனால் கார் ஷாம்புப் போத்தல் ஒவ்வொரு வீட்டுச் செலவிலும் அடங்கும் பொருள் அல்ல. கிராமத்துக் கடையில் அது கிடைப்பதும் அரிது. அதனால் கிணற்றடியில் எது இருக்கிறதோ அதைக்கொண்டு கழுவுகிறோம். உடுப்புத் தோய்க்கும் தூள், சலவைச் சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், சில வேளைகளில் தேசிக்காய், சாம்பல், மண்ணெண்ணெய். சுயாதீன ஊடகவியலாளராக மோட்டார் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய்வருபவன் நான். வெயிலும் செம்மண்ணும் கடற்காற்றும் வாகனத்தை என்ன செய்யும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். செலவில்லாமல், வாகனத்துக்கும் கேடில்லாமல் கழுவ வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயின்ற் எவ்வளவு தடிப்பு?

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பு பல படைகளால் ஆனது. உலோகத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. இந்தக் கடைசிப் படையின் தடிப்பு சுமார் 40 முதல் 50 மைக்கிரோன் வரைதான் இருக்கும். ஒரு தலைமயிரைவிட மெல்லியது. வெயிலையும் மழையையும் தாங்கி நிறத்தைக் காப்பது இந்தப் படைதான். அது தேய்ந்தால் நிறம் மங்கும். நிறமும் போனால் உப்புக்காற்று உலோகத்தைத் தொடும். அங்கிருந்து துரு ஆரம்பிக்கும்.

இந்தப் படைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உரசல். செம்மண்ணிலும் கிறவலிலும் கலந்திருக்கும் மணற்துணிக்கைகள் பெயின்றைவிடக் கடினமானவை. காய்ந்த தூசியின்மேல் துணியை இழுப்பது அரத்தாளால் மெதுவாகத் தேய்ப்பதற்குச் சமன். வெயிலில் பார்க்கும்போது சிலந்திவலை போலத் தெரியும் நுண்கீறல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. மற்ற எதிரி கடும் காரமும் கடும் அமிலமும். கார் ஷாம்பு இரண்டுக்கும் நடுவில், நடுநிலைக்குக் கிட்டவாகத் தயாரிக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக நாம் தேடவேண்டிய பொருளும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

தாராளமாகப் பாவிக்கக்கூடியவை

வெறும் தண்ணீர்: தூசி மட்டும் படிந்த வாகனத்துக்கு இதுவே போதும். கிழமையில் ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் சவர்க்காரம் எதுவும் தேவைப்படாது.

குழந்தைகளுக்கான ஷாம்பு: வீட்டுப் பொருட்களில் கார் ஷாம்புக்கு மிகக் கிட்டவானது இதுதான். கண்ணை எரிக்காத அளவுக்கு மென்மையாகத் தயாரிக்கப்படுவதால் பெயின்றையும் தாக்காது. 10 லீற்றர் வாளி நிறையத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். மோட்டார் சைக்கிளுக்கு அரை வாளியும் அரைக் கரண்டியும் கணக்கு. நுரை அதிகம் வரவேண்டும் என்று கூட்டி ஊற்றவேண்டாம். அழுக்கோடு ஒட்டிக்கொண்டு துணியை வழுக்கச்செய்யும் அளவுக்கு நுரை இருந்தால் போதும்.

பெரியவர்களின் சாதாரண ஷாம்பு: குழந்தை ஷாம்பு இல்லாவிட்டால் இதை எடுக்கலாம், அளவும் அதேதான். தலைமயிரை மிருதுவாக்கும் கண்டிஷனர் கலந்தவற்றைத் தவிர்க்கவேண்டும். அவை கண்ணாடியில் மங்கலான படலத்தை விட்டுச்செல்லும். மழையிலும் இரவிலும் ஓடுபவருக்கு அது ஆபத்து.

பூவந்திக் கொட்டை: இயற்கையாகவே நுரை தரும் சப்போனின் இதன் தோலில் உண்டு. ஒரு கைப்பிடித் தோலை ஒரு லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, வாளித் தண்ணீரில் கலக்கலாம். வடிகட்டாமல் விட்டால் தோல் துணிக்கைகளே பெயின்றைக் கீறும். சீயாக்காய்த் தூளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம், அதனால் அது வேண்டாம்.

அவசரத்துக்கு மட்டும்

பாத்திரம் கழுவும் திரவம்: எண்ணெய்ப் பிசுக்கை அகற்றவே தயாரிக்கப்பட்டது. வாகனத்தில் மெழுகு பூசியிருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றிவிடும். ஒருமுறை பாவித்தால் பெயின்ற் உரிந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு கிழமையும் பாவித்தால் பாதுகாப்பு இல்லாத பெயின்ற்தான் மிஞ்சும். புகையும் ஒயிலும் பிடித்த பின்பக்கம், ரயர் வளையம், பெடல் போன்ற இடங்களுக்கு 10 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

பாவிக்கக்கூடாதவை

சலவைத் தூளும் சலவைச் சவர்க்காரக் கட்டியும்: இரண்டுமே காரம் கூடியவை. தூளில் கரையாத துணிக்கைகள் எஞ்சிக் கீறல் போடும். சவர்க்காரக் கட்டிக்கு யாழ்ப்பாணத்தில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறி வருவதால் கல்சியம் நிறைந்த வன்னீர். சவர்க்காரம் அதோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் படிவாக மாறும். தோய்த்த உடுப்பில் பார்க்கும் அதே படிவு வாகனத்திலும் படியும். வெயிலில் காய்ந்தால் அதை எடுக்கத் திரும்பவும் உரசவேண்டிவரும்.

தேசிக்காய், பழப்புளி, வினாகிரி: குத்துவிளக்கையும் பித்தளைச் செம்பையும் பழப்புளியால் துலக்கிப் பழகிய கைக்கு, சைலன்சரையும் அலுமினிய வளையத்தையும் அதனாலேயே துலக்கத் தோன்றும். வேண்டாம். அமிலம் அலுமினியத்தை மங்கச்செய்யும், மெல்லிய குரோம் பூச்சையும் கெடுக்கும். வினாகிரிக்குக் கண்ணாடியில் மட்டும் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

சாம்பல், செங்கல் தூள், பற்பசை, பொச்சு: இவை எல்லாம் உரசித் துலக்கும் பொருட்கள். அலுமினியச் சட்டிக்கு நல்லவை, பெயின்றுக்கு நஞ்சு. மஞ்சளித்த முன்விளக்கைப் பற்பசையால் தேய்த்தால் தற்காலிகமாகத் தெளியும். ஆனால் பாதுகாப்புப் படை தேய்வதால் கொஞ்ச நாளில் முன்பைவிட வேகமாக மஞ்சளிக்கும்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும்: றப்பரை ஊதச்செய்யும், பிளாஸ்ரிக்கை மங்கச்செய்யும். சூடான இயந்திரத்துக்குக் கிட்டப் பெற்றோல் நனைத்த துணி தீவிபத்துக்கு வழி. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால், குடிதண்ணீர்ப் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் சேர்த்து விடவேண்டும்.

தேங்காய் எண்ணெய்: ரயரையும் சீற்றையும் கறுப்பாக மினுக்குவதற்காகச் சிலர் பூசுவதுண்டு. தூசி ஒட்டுவதைவிட வேறு பயனில்லை. இருசக்கர வண்டியின் ரயரிலோ பிறேக் தட்டிலோ எண்ணெய் பட்டால் முதல் வளைவிலேயே வழுக்கும். உயிரோடு விளையாட வேண்டாம்.

பனங்களியைப் பற்றி ஒரு வார்த்தை

1990களில் சவர்க்காரம் கிடைக்காமற்போன நாட்களில் எமது வீடுகளில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். அதற்கு முன்னரே பழக்கத்தில் இருந்த முறைதான் அது, தடைக்காலத்தில் மீண்டும் கைகொடுத்தது. சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலமும் அதுதான். இல்லாமையிலிருந்து வழி கண்டுபிடிப்பது எமக்குப் புதிதல்ல.

பனங்களி நுரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்ற பொருட்கள் சப்போனின் வகையைச் சேர்ந்தவை. அப்படியானால் வாகனத்துக்கும் பாவிக்கலாமா என்ற கேள்வி இயல்பானது. பதில், வேண்டாம் என்பதுதான். களியில் சீனி இருக்கிறது. அது பிசுபிசுத்து எறும்பையும் தூசியையும் இழுக்கும். மஞ்சள் நிறம் துணியிலும் சீற்றிலும் பிடிக்கும். தும்பு பெயின்றைக் கீறும். உடுப்புக்கு உதவியது என்பதற்காக எல்லாவற்றுக்கும் உதவும் என்றில்லை.

கழுவும் முறை

எந்தப் பொருளைப் பாவிக்கிறோம் என்பதைவிட எப்படிக் கழுவுகிறோம் என்பது முக்கியம். நல்ல ஷாம்பு இருந்தும் பிழையான முறையில் கழுவினால் கீறல்தான் மிச்சம்.

1. காலையிலோ பின்னேரத்திலோ நிழலில் நிறுத்துங்கள். ஓடிவந்த வாகனம் என்றால் இயந்திரமும் சைலன்சரும் ஆறும்வரை பொறுத்திருங்கள். கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் உடனே காய்ந்து உப்புப் புள்ளிகளாக நிற்கும்.

2. இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மூன்றாவதாக ஒரு கோப்பையோ செம்போ வைத்துக்கொள்ளுங்கள்.

3. துணி தொடுவதற்கு முன் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவி விடுங்கள். சேறு காய்ந்திருந்தால் நனைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். முழு வேலையிலும் இதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு.

4. பழைய பருத்திப் பெனியன் அல்லது துவாய் நல்லது. பொத்தான், சிப், தடித்த தையல் இருக்கக்கூடாது. ஷாம்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல், நேர்கோட்டில் துடையுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் துணியை அலசி, பிறகே மீண்டும் ஷாம்புத் தண்ணீரில் நனையுங்கள். மணல் இரண்டாவது வாளியின் அடியில் தங்கிவிடும், பெயின்றுக்குத் திரும்பாது.

5. கூரையிலிருந்து கீழே வாருங்கள். ரயரும் வளையமும் கடைசி. அதற்கு வேறு துணி. துணி நிலத்தில் விழுந்தால் அலசாமல் எடுத்துத் துடைக்கவேண்டாம்.

6. நுரை காய முன்னர் ஒவ்வொரு பகுதியாக அலசுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வன்னீர் பாவிப்பவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. சேர்த்துவைத்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புள்ளி வராது.

7. ஓடத் தொடங்கும்போது மெதுவாகப் போய் இரண்டு மூன்று தடவை பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள். நனைந்த பிறேக் உடனே பிடிக்காது.

மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சைலன்சர் வாய், காற்று வடிகட்டி, சாவித் துவாரம், சுவிட்சுகள் ஆகியவற்றுக்குள் தண்ணீரைப் பாய்ச்சக்கூடாது. முச்சக்கரவண்டியின் றெக்சின் கூரைக்கு அதே ஷாம்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். நிழலில் நன்றாகக் காய்ந்தபின்னரே சுருட்டவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

போரில் ஒரு கையையோ விரல்களையோ இழந்தவர்கள் எம்மில் பலர் இருக்கிறார்கள். துணியைப் பிடித்துப் பிழிவது அவர்களுக்குச் சிரமம். தடித்த பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டால் பிடிக்கவேண்டிய தேவையே இல்லை, உள்ளங்கையால் துடைக்கலாம். வாளிகளை ஒரு கதிரையின் மேல் வைத்தால் குனியவும் தேவையில்லை. செயற்கைக்கால் பாவிப்பவர்கள் சவர்க்காரத் தண்ணீர் ஓடும் சீமெந்துத் தரையைத் தவிர்த்து, கிறவல் நிலத்தில் நின்று கழுவுவது வழுக்கலிலிருந்து காக்கும்.

தனித்தனிக் கறைகளுக்கு

காக்கை, வௌவால் எச்சம்: பெயின்றை வேகமாகத் தாக்கும். காய்ந்ததைச் சுரண்டவேண்டாம். நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்து, இளகியபின் தூக்கி எடுங்கள். வேம்புக்கும் மாமரத்துக்கும் கீழே நிறுத்துபவர்கள் மரப்பாலுக்கும் இதையே இளஞ்சூட்டுத் தண்ணீரில் செய்யலாம்.

தார்: புதிதாகத் தார் போட்ட வீதியில் ஓடினால் கீழ்ப்பகுதியில் கரும்புள்ளிகள் ஒட்டும். அந்தப் புள்ளியில் மட்டும் சமையல் எண்ணெய் தொட்டுச் சில நிமிடம் விட்டால் இளகும். துடைத்துவிட்டு எண்ணெய் மிஞ்சாமல் ஷாம்புத் தண்ணீரால் கழுவவேண்டும். ரயர், பிறேக் பக்கம் எண்ணெய் போகவிடக்கூடாது.

கண்ணாடி: வன்னீர்ப் புள்ளிகளுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் துடையுங்கள். பெயின்றில் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பற்றரி முனைகள்: வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் இயந்திரத்தை நிறுத்தி, முதலில் மறைமுனைக் கம்பியைக் கழற்றுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல் தூரிகையால் தேயுங்கள். கையுறை அணியுங்கள். பற்றரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கவேண்டும், கரைசல் உள்ளே போகக்கூடாது.

சீற் மணம்: மீனோ மழை ஈரமோ மணந்தால் காய்ந்த துணிச் சீற்றில் அப்பச்சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டி எடுங்கள்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு

பருத்தித்துறையிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வாகனத்தை அரிப்பது கண்ணுக்குத் தெரியாத உப்பு. மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் உப்புத்தான். இங்கே சவர்க்காரத்தைவிட முக்கியமானது நல்ல தண்ணீரால் அடிக்கடி அலசுவது. குறிப்பாகச் சக்கர மறைப்பின் உட்பக்கம், பெட்டி கட்டும் கரியர், செயின், வாகனத்தின் அடிப்பகுதி. அலசியபின் செயினைத் துடைத்து ஒயில் விடவேண்டும். பெயின்ற் தெறித்த இடம் கண்ணில் பட்டால் கராஜில் ஒரு சிறு பூச்சுப் பூசிக்கொள்ளுங்கள். இன்றைய சின்னப் புள்ளி அடுத்த மாரிக்குள் ஓட்டையாகலாம்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் அதிகம். மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, ஒரு ஊரின் நீர் கெட்டால் மக்கள் எத்தனை வருடம் அலையவேண்டும் என்பதைப் பார்த்தோம். ஒரு மோட்டார் சைக்கிள் கழுவிய தண்ணீர் அந்த அளவுக் கேடு செய்யாது. ஆனால் ஒயிலும் கிறீசும் கலந்த அழுக்குத் தண்ணீர் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு கிணற்றடியிலும் இறங்கினால் அது சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே வாகனத்தைக் கிணற்றடியில் நிறுத்தாமல், தண்ணீரை வாளியில் எடுத்துப்போய்த் தள்ளிக் கழுவுங்கள். தண்ணீர் கிணற்றுப் பக்கம் வழியாத, புல்லோ மண்ணோ உள்ள இடம் நல்லது. வன்னியில் உழவு இயந்திரத்தையும் லொறியையும் குளத்துக்குள் இறக்கிக் கழுவும் வழக்கம் இருக்கிறது. அந்தக் குளத்தில்தான் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள், மீன் பிடிபடுகிறது. கரைக்கு மேலே, தண்ணீர் திரும்பிக் குளத்துக்குள் ஓடாத இடத்தில் நிறுத்திக் கழுவலாம். செயின் துடைத்த துணியையும் பழைய ஒயிலையும் கழுவும் தண்ணீரோடு சேர்க்காமல் தனியாக எடுத்து, பழைய ஒயில் வாங்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

கணக்குப் பார்த்தால், மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வாளித் தண்ணீர், அரைக் கரண்டி குழந்தை ஷாம்பு, இரண்டு பழைய பெனியன் துண்டுகள், அரை மணித்தியாலம். காருக்கு இதன் இரண்டு மடங்கு. கிழமைக்கு ஒருமுறை தூசியை வெறும் தண்ணீரால் கழுவி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஷாம்பு பாவித்தால் போதும். வருடத்தில் இரண்டு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும், சேர்விஸ் நிலையத்தில் அடிப்பகுதியைக் கழுவுவதற்குக் கொஞ்சக் காசை ஒதுக்கினால் அது வீண்செலவாகாது. வீட்டில் எட்டாத இடம் அது ஒன்றுதான்.